நசரத்பேட்டையில் ஒன்பது நிமிடம்

காலை 9.10. கள்ளிக்குப்பத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். பைக்குள் டிபன் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் நான் மூன்று மாதமாகச் செதுக்கிய ஒரு ஜோடி மெழுகு மெட்டி. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அவள் காலில் போடும் மெட்டி என் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. அதை வெள்ளியில் வார்த்துத் தரும் பட்டறை நசரத்பேட்டையில் இருக்கிறது.

அம்பத்தூர் ஓ.டி.யில் பூந்தமல்லி பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆவடி வரை உட்கார இடமும் இல்லை. டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற என்னைப் பார்த்து, உள்ளே பிரியாணியா என்று கேட்டார் கண்டக்டர். பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோ, மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய்.

11.00. பட்டறைக்காரர் சாதிக் பாய், நாற்பது வயதிருக்கும். ஒரு மெழுகுத் தண்டில், கடைக்காரர்களின் இருபது மோதிர மாதிரிகளோடு என் மெட்டிகளையும் கிளை கிளையாக ஒட்டி, இரும்புக் குழாய்க்குள் நிறுத்தினார். சுற்றிலும் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். அது இறுகியதும் அடுப்பில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தப் பள்ளத்தில்தான் வெள்ளி போகும். ஆக, என் மெழுகு எப்படியும் காலி. பிளாஸ்டர் சொதப்பினால் மூன்று மாத உழைப்பும் காலி.

ஒரு கிலோ மாவுக்கு நானூறு மில்லி தண்ணீர். தண்ணீரில் மாவு விழுந்த நொடியிலிருந்து ஒன்பது நிமிடத்துக்குள் கலக்கி, இயந்திரத்தில் காற்றை உறிஞ்சி, ஊற்றி முடித்துவிட வேண்டுமாம். இருபத்தெட்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்த வாய் சும்மா இருக்குமா? ஏன் நானூறு, ஏன் ஒன்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மாவைத் தண்ணீரில் கொட்டிவிட்ட மனுஷர், மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தவர், கலவை முழுவதையும் குப்பை வாளியில் கவிழ்த்துவிட்டார். எனக்குப் பகீரென்றது.

"இத ஊத்துனா குமிழி நின்னுக்கும்க்கா. மத்ததுக்கெல்லாம் ரப்பர் அச்சு கீது, திரும்ப எடுத்துக்கலாம். உங்க மெட்டிக்கு இன்னா கீது?"

புது மாவை எடுத்து நிறுத்தார்.

"இப்ப ஒம்போது நிமிசம் கம்முனு இருங்க."

வகுப்பில் எத்தனை பிள்ளைகளை வாயில் விரல் வைக்கச் சொல்லியிருப்பேன்! அன்று என் முறை. பால் போன்ற கலவை பொங்கி, குமிழிகள் வெடித்து, அடங்கியது. குழாயின் ஓரமாக மெல்ல ஊற்றினார். என் மெட்டிகள் மூழ்கின. நான் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

மறுநாள் பகல் 12.30. இரவெல்லாம் அடுப்பில் இருந்த அச்சில், நான் போவதற்குள் வெள்ளி ஊற்றியிருந்தார். தண்ணீரில் அமுக்கியதும் பிளாஸ்டர் புசுபுசுவென்று கரைந்தது. வெட்டி, ராவி, பளபளவென்று என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு குமிழி இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அளவு சரியா, பொண்ணு போட்டுப் பார்த்ததா என்று கேட்டார் பாய். கல்யாணத்துக்கு முன் அவள் எப்படிப் போடுவாள்? ஆனால் அவள் காலும் என் காலும் ஒரே அளவு. செருப்பையே மாற்றி மாற்றித்தான் போடுவோம். என் மெட்டியைக் கழற்றிவிட்டு, புதியதைப் போட்டேன். அச்சாகப் பொருந்தியது. பாய் டீ வாங்கி வரும்வரை பட்டறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன். கழற்ற மனசே வரவில்லை.

பிறகு கழற்றி, துடைத்து, பஞ்சில் சுற்றினேன். நான் போட்டுப் பார்த்தது என் நாத்தனாருக்குத் தெரிந்தால் கடையில் வேறு ஜோடி வாங்கச் சொல்லிவிடுவார். கல்யாணத்துக்கு வந்தால் நீங்களும் மூச்சு விடாதீர்கள்.