அம்மா வாங்காத கை

எங்கள் பக்கத்தில் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர், இடது கைக்குப் பீச்சாங்கை. எது எதற்கு என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கோ பிறந்ததிலிருந்தே எந்த வேலைக்கும் பீச்சாங்கைதான் முன்னால் வரும். பேரையூருக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டு ஊரில், நாலு ஏக்கர் பருத்தியை நம்பிய வீட்டில் ஒரே பெண்ணாகப் பிறந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று இன்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கையை யாரும் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டவில்லை.

அம்மா கட்டினாள். என் இடது மணிக்கட்டைப் பழைய சேலைக் கிழிசலால் இடுப்போடு கட்டிவிட்டுத்தான் சோற்றுக் கும்பாவை என் முன்னால் வைப்பாள். வலது கையால் அள்ளினால் பாதி மடியில் விழும். விழுந்ததைக் கோழி தின்னும். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்டி. இப்பத் திருந்தலைன்னா எப்பத் திருந்தப் போற?" என்பாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து தன் கூழைக் குடித்துக்கொண்டிருப்பார். வாயில்லாப் பூச்சி. அம்மா இருக்கிற இடத்தில் அவருக்குப் பேச்சே தேவைப்பட்டதில்லை.

சாப்பாட்டோடு போனால் பரவாயில்லை. சோளம் அறுக்கப் போனால் கருக்கரிவாள் என் கையில் தாளை விட்டு வழுக்கி விரலுக்கு வரும். நிரையில் என் பக்கத்தில் நிற்க எவளும் ஒப்புக்கொள்ள மாட்டாள், அவர்கள் அரிவாள் வீசுகிற இடத்துக்கே என் அரிவாளும் எதிரே வரும் என்று பயம். திருகையில் எதிரே உட்கார்ந்தவள் ஒரு பக்கம் சுற்றினால் நான் மறுபக்கம் சுற்றுவேன். பருத்தி எடுக்கும்போது மட்டும்தான் எனக்கு நிம்மதி. அதற்கு இரண்டு கையும் வேண்டும். எது எந்தக் கை என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

எனக்குப் பதினைந்து முடிந்ததும் கல்லுப்பட்டிப் பக்கமிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஒரு வாரம் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். தொழுவத்துத் தூண்தான் மாப்பிள்ளையின் தாய். நான் தாம்பாளத்தில் செம்பை வைத்து நடந்து வந்து, தூணுக்கு முன்னால் குனிந்து, வலது கையால் செம்பை எடுத்து, "வாங்கத்தை" என்று நீட்ட வேண்டும். அந்தத் தூணுக்கு நான் கொடுத்த தண்ணீரில் ஒரு பாத்தி நனைந்திருக்கும்.

அவர்கள் வந்த அன்று எல்லாம் சரியாகத்தான் நடந்தது. புளி போட்டு விளக்கிய செம்பு, பளபளவென்று இருந்தது. குனியும்போது தாம்பாளம் லேசாகச் சாய்ந்து செம்பு சறுக்கிவிட்டது. கீழே விழுவதற்குள் என் இடது கை பாய்ந்து அதைப் பிடித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. பிடித்துவிட்ட சந்தோஷத்தில், புத்தி கெட்டவள், அப்படியே அந்தக் கையால் நீட்டிவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாய் வாங்கவில்லை. "பீச்சாங்கையால தண்ணி குடுத்து வாங்கன்னு சொல்ற வீட்டை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று எழுந்துவிட்டாள். வெற்றிலைத் தட்டு தொடாமல் கிடந்தது.

அன்று அம்மா என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் செம்புத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்து சொன்னாள். "உனக்குச் சோத்தாங்கை பழகுற வரைக்கும் உன் கையால பச்சத் தண்ணி வாங்க மாட்டேன். இது சத்தியம்."

கோபத்தில் சொல்கிறாள், நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை. நான் சமைத்தால் எனக்கும் அப்பாவுக்கும்தான். அவளுக்கு ஒரு சின்னப் பானையில் அவளே உலை வைத்துக்கொள்வாள். வலது கையால்தானே கொடுக்கிறேன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "குடுக்குறது சோத்தாங்கை. கிண்டுனது எந்தக் கை?" என்றாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட நான் வைத்த கஞ்சியைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அடுப்பு மூட்டினாள். ஒரே வீட்டில் இரண்டு உலை கொதித்ததைப் பார்த்து, தாய்க்கும் மகளுக்கும் தீராத பகை என்று தெருவே பேசியது.

அதற்குப் பிறகு வந்த இடங்களும் தட்டிப் போயின. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயத்தில் சமயநல்லூருக்குப் பக்கத்தில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். முதல் மனைவி செத்து இரண்டு மாடும் தோட்டமுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தவருக்கு என் கையைச் சோதிக்கப் பொழுதில்லை. தாலி கட்டி முடியும்வரை அம்மா என் இடது கையைத் தன் முந்தானைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். பாசமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் அவருக்குத் தெரிந்துபோனது. கத்தவில்லை. "பந்தியில மட்டும் பரிமாற வந்துராத" என்றார். அதனால் விசேஷ வீடுகளில் நான் எப்போதும் கொல்லையில், பாத்திரம் விளக்குகிற இடத்தில் இருப்பேன்.

அங்கேதான் எனக்கு ஒரு வெறி வந்தது. அம்மா என் கையால் ஒரு வாய் வாங்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். வீட்டில் ஆள் இல்லாதபோது என் இடது கையை நானே முந்தானையால் இடுப்போடு கட்டிக்கொண்டு சமைத்தேன், அம்மா கட்டியதைவிட இறுக்கமாக. வலது கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. கேழ்வரகுக் களி கிண்டும்போது துடுப்பு எகிறிக் கன்னத்தில் கொதிகளி தெறித்த வடு இன்னும் இருக்கிறது. நாலு வருஷத்தில் கோலம் கொஞ்சம் நேரானது. களி கட்டி தட்டாமல் வந்தது.

அந்தத் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நானே பொங்கல் வைத்தேன். அரிசி களைந்தது, கிண்டியது, இறக்கியது எல்லாம் வலது கை. அம்மா அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றையும் கவனித்தாள். முகத்தில் ஒரு இளக்கம் தெரிந்தது. தன் கும்பாவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் அகப்பையோடு திரும்பியதும், "ஏ புள்ள, இந்தா பிடி" என்று ஒரு கத்தரிக்காயை என்னை நோக்கி எறிந்தாள்.

பிடித்துவிட்டேன். எந்தக் கையால் என்று சொல்ல வேண்டுமா?

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். "கை இன்னும் அங்கனதான் இருக்கு" என்று சொல்லிக் கும்பாவைக் கவிழ்த்து வைத்தாள்.

"வெட்டிப் போடு! அப்பவாவது தின்னுவியா?" என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "பெத்தவ நானே வாங்கித் தின்னுட்டா நீ எதுக்கு மாத்தப் போற? ஊர்ல எவ வாங்குவா உன் கையால?" என்றாள். நான் அன்று மத்தியானமே கிளம்பிவிட்டேன். அப்பா பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார்.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தகவல் வந்தது. பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய யுத்தகாலத்து பஸ், ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்று போனது. போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. கண் மட்டும் தெளிவு. கஞ்சி காய்ச்சி, ஆற்றி, வலது கையால் சங்கில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன். அவள் கண் என் மடியில் சும்மா கிடந்த இடது கைக்குப் போயிற்று. பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டு மதினி சங்கை வாங்கி ஊட்டினாள், இரண்டு மடக்கு இறங்கியது. சாகப் போகிறவள் மேல் அப்படிக் கோபம் வரலாமா என்று கேட்டால், வந்தது. மறுநாள் காலையில் அம்மா போய்விட்டாள்.

குளிப்பாட்டி, வாயை மூடித் தாடையோடு கட்டியிருந்த துணியை அவிழ்த்து, சுளகில் அரிசி வைத்தார்கள். வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாகப் போனோம். என் முறை வந்ததும் வலது கையால் அரிசியை அள்ளினேன். இத்தனை வருஷம் அடித்து அடித்துப் படிந்த கை, கேட்காமலே முன்னால் வந்தது. முதல் தடவையாக.

"ஏத்தா, அந்தக் கை இல்ல" என்று சடங்கு நடத்திய பெரியவர் தடுத்தார். "பீச்சாங்கையால போடு. நல்லதுக்குத்தான் சோத்தாங்கை. எழவுக்கு இதுதான்."

அப்போதுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் போட்டவர்கள் எல்லோரும் இடது கையால் போட்டிருக்கிறார்கள். பழகாத கை. அரிசி அம்மாவின் கன்னத்திலும் கழுத்திலும் மார்பிலும் சிதறிக் கிடந்தது. நான் அரிசியை இடது கைக்கு மாற்றினேன். குனிந்தேன். போட்டேன்.

"அம்புட்டுப் பேருல இந்தப் புள்ள ஒருத்திதான்யா சிந்தாமப் போட்டுச்சு" என்றார் பெரியவர்.

என் இடது கையை எங்கள் ஊரில் ஒருவர் மெச்சியது அந்த ஒரு தடவைதான். அம்மா இந்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை.