சேற்றில் இறங்கிய பயணிகள்

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சுற்றுலா நிறுவனத்தில் பயணத் திட்டம் போடும் வேலை. போனைக் காதில் வைத்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவாள். 'சக்கரக்கால்' என்றே அலுவலகத்தில் பெயர்.

கழிமுகத்தில் அழிந்துபோன அலையாத்திக் காட்டைப் பயணிகளைக் கொண்டே மறுபடி வளர்க்கலாம் என்பது அவள் யோசனை. முதலாளி சிரித்தார்.

"காசு கொடுத்து எவன்மா சேத்துல இறங்குவான்?"

இறங்கினார்கள். ஒரே வாரத்தில் பஸ் நிறைந்தது. கன்று வளர்த்துக் கொடுத்த நாற்றங்கால்கார அக்கா மட்டும் தயங்கினாள்.

"இப்ப தண்ணி வேகம் ஜாஸ்தி. ரெண்டு மாசம் பொறுத்துக்கோயேன்."

விடுமுறை போய்விடுமே என்று இவள் அதைக் காதில் வாங்கவில்லை. வந்தவர்கள் முழங்கால் சேற்றில் நின்று நட்டார்கள், படம் எடுத்தார்கள், கிளம்பினார்கள்.

பத்து நாள் கழித்து மனசு கேட்காமல் போய்ப் பார்த்தாள். முக்கால்வாசிக் கன்றுகள் வேரோடு பிடுங்கிக்கொண்டு கரையில் ஒதுங்கிக் கிடந்தன.

முதலாளி அசரவில்லை. "யாரு போய்ப் பாக்கப் போறா? வந்தவங்களுக்கு நல்லா வளருதுன்னு எழுதிப் போடு."

"என் கையால எழுத மாட்டேன் சார்."

அன்று மாலைக்குள் பயணிகள் ஒவ்வொருவருக்கும் எழுதிவிட்டாள்: நட்டது போய்விட்டது, காலம் பார்க்காமல் கூட்டிப்போனது என் தப்பு.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?" என்றான் கணவன்.

இரண்டு பேர் திட்டி எழுதினார்கள். பலர் பதிலே போடவில்லை. பதினொரு பேர் கேட்டது ஒன்றுதான்: மறுபடி எப்போது போகலாம்?

அந்தப் பதில்களைக் காட்டியதும் முதலாளியின் குரல் இறங்கியது. இந்த முறை அக்கா சொன்னதுதான் சட்டம். கன்றே வேண்டாம், தூர்ந்துபோன வாய்க்காலைத் தோண்டிவிட்டால் மிஞ்சியிருக்கும் மரங்களின் விதையை அலையே கொண்டுவரும் என்றாள். பதினொரு பேரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். படம் எடுக்கச் சுத்தமான கை ஒருவருக்கும் இல்லை.

மழைக்குப் பின் வாய்க்கால் ஓரத்தில் யாரும் நடாத துளிர்கள் நின்றன. செய்தி பரவி, அடுத்த பருவத்துக்கு மூன்று பஸ் ஆள் சேர்ந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ பதற்றம் கூடியது. இத்தனை கால்கள் மிதித்தால் துளிர் என்னவாகும்?

"ஒரு பஸ்தான் சார். மத்தவங்க காத்திருக்கட்டும்."

"தேடி வர்றவங்கள விரட்டச் சொல்றியா?"

"காடு இருந்தாத்தானே சார் வருவாங்க?"

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பஸ் ஆட்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார். அவர்களில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை.