மாட்டுக்கு முதல் ஊசி

எனக்கு ஆஸ்துமா. மழைக்காலத்துக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வரும்படி தருமபுரி டாக்டர் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அதே நாளில் இண்டூரில் எங்கள் தெரு மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட வந்தார்கள். எங்கள் கறவை மாடு என் கைக்குத்தான் அடங்கும்.

“மாட்ட யாரு புடிக்கறது? நீ ஊசி போடலைன்னா குடியா முழுகிடும்? கஷாயம் வெச்சுக் குடி” என்றார் மாமியார். கணவர் மாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார். மாட்டுக்கு ஊசி போட்டாயிற்று. அதன்பிறகும் தோட்டத்து வேலையைக் காட்டி என்னை அனுப்பவில்லை.

ஐப்பசி மழையில் ஃப்ளூ காய்ச்சல் வந்தது. மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தேன். பார்க்க வந்த மாமியார் கட்டில் அருகே நின்று, “நீ இங்க வந்து படுத்துக்கிட்ட. அங்க மாடு பால் கறக்க யாரையும் கிட்ட விடாம மடி கட்டிக்கிச்சு” என்றார்.

இந்த வருடம் மாட்டுக் கயிற்றைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். சர்க்கரை நோயாளியான மாமியாரையும் கூட்டிப்போனேன். எனக்குப் போட்டு முடித்த நர்ஸ், “இவங்களுக்குமா?” என்று கேட்டார்.

“போடுங்க சிஸ்டர். இது பால் கறக்காத உசுருதான், இருந்தாலும் போடுங்க” என்றேன்.

மாமியார் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார்.