தலைமாட்டுப் பூவரசு

மானை அழகு என்று சொல்கிறவர்கள் செடி வைத்துப் பார்க்காதவர்கள். எங்கள் லைனில், சுரங்கக் கூலிகளின் ஒட்டு வீட்டு வரிசையில், கடைசி வீட்டு மரியகுழந்தை செடி வைத்தவள். மானைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஊர் ஆம்பூர்ப் பக்கம். கல்யாணமான கையோடு கணவன் சகாயத்தின் பின்னால் ரயிலேறி, பங்காருபேட்டையில் இறங்கி, தங்கச் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தாள். சகாயம் பூமிக்கு அடியில் பாறையில் துளை போடுகிறவன். இவள் மேலே கூடையில் மண் சுமக்கிறவள். இத்தனை வருஷம் உழைத்தும் இரண்டு பேரும் தங்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இதை ஆச்சரியமாகச் சொல்ல ஒன்றுமில்லை, லைனில் யாருமே பார்த்ததில்லை.

சகாயம் நல்ல மனிதன். சண்டை போடத் தெரியாது. வீட்டுச் சண்டைகளில்கூட அவன் பக்கத்து நியாயத்தையும் சேர்த்து மரியகுழந்தையே பேச வேண்டியிருந்தது. காவேரியிலிருந்து சுரங்கத்துக்குக் கரண்ட் கம்பி இழுத்துக்கொண்டு வந்த வருஷம், தை மாதம், பகல் ஷிப்டில் பாறை சரிந்து அவன் செத்துப்போனான். ஊரிகத்துக்கு அப்பால், லைன் ஆட்களுக்கென்று விட்டிருந்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

காலராவும் பிளேக்கும் மாறி மாறி வந்து போனதில் அந்தத் தோட்டம் நிறைந்துவிட்டிருந்தது. சாமியார் வராத நாட்களில் கோயிலையும் கல்லறைகளையும் பார்த்துக்கொண்டவர் பர்னபாஸ் உபதேசியார். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கல்லறைத் திருநாள் அன்று காலையில் சுண்ணாம்புச் சட்டியோடு வருவார். எந்தக் குழிக்கு அடையாளம் இருக்கிறதோ, அந்த அடையாளத்தின் மேல் ஒரு கோடு இழுப்பார். சுண்ணாம்பு படாத குழி காலி இடம். அடுத்து யார் சாகிறார்களோ அவர்களுக்கு அது.

கல் வைக்க மரியகுழந்தைக்கு வசதி இல்லை. மரச் சிலுவை நட்டால் கறையான் தின்னும். கறையான் மிச்சம் வைத்ததை அடுப்பு தின்னும். சுற்றுவட்டாரத்து மரங்களையெல்லாம் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க வெட்டிக்கொண்டு போய்விட்டதால், விறகு என்று வந்தால் லைன் பெண்கள் எதையும் விட்டுவைப்பதில்லை. அதனால் அவள் ஊருக்குப் போய் ஒரு பூவரசங்கொம்பை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தாள். பூவரசு நட்டால் போதும், தானே வேர் விடும். ஊரில் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதித்தான் சகாயம் அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தான். வேறு வழியில் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

கோடை மழை விழுந்ததும் அவன் தலைமாட்டில் கொம்பை நட்டாள். துளிர் விட்டது. அடுத்த நாளே மான் தின்றது.

மலைக்காட்டுப் புள்ளிமான்கள் அவை. தங்கம் பிரித்த பிறகு கொட்டுகிற சயனைடு மண்மேட்டுப் பக்கம் ஒரு புல் முளைக்காது. மற்ற இடங்களை ஆடு மேய்ந்துவிடும். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் பச்சை இருந்தது, ஆள் நடமாட்டமும் இல்லை. மான் செடியையும் தின்றது, குழி மேல் போட்ட மாலையையும் தின்றது.

சகாயத்தின் மேல் இன்னொருத்தனைக் கொண்டுவந்து படுக்க வைத்தால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். நகர்ந்து இடம்கூடக் கொடுப்பான். அதுதான் மரியகுழந்தைக்குப் பொறுக்கவில்லை.

முதலில் முள் வெட்டி வேலி கட்டினாள். ஒரே வாரத்தில் அது பக்கத்து வீட்டுத் தாயம்மாவின் அடுப்பில் எரிந்தது. சாணியைக் கரைத்து இலையில் பூசினாள். மழை வரும்வரை தாங்கியது. ஒரு துரை துப்பாக்கியோடு வந்து மானைக் குறி பார்த்துச் சுட்டார். வசதியான ஒருவருடைய கல் சிலுவையின் கை உடைந்தது. மான் மறுநாளும் வந்தது, துரை வரவில்லை.

உபதேசியாருக்கு அவள் மேல் இரக்கம் உண்டு.

"அரளி வையேம்மா. மான் மோந்துகூடப் பாக்காது" என்றார்.

"இன்னா ஐயா நீங்க! செத்தவர் தலமாட்டுல அரளிய வெச்சா, நான்தான் அரைச்சிக் குடுத்தேன்னு லைன் பூரா சொல்லிகினு திரியும்."

உபதேசியாருக்கு லைனைத் தெரியும். அதற்கு மேல் அவர் அரளிப் பேச்சை எடுக்கவில்லை.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சகாயத்தின் பழைய துண்டை விரித்து முட்டிபோட்டு ஜெபம் சொன்னாள். எழுந்தவள் அதைக் கொம்பின் மேல் போட்டாள், எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள். காலையில் போய்ப் பார்த்தால் அக்கம்பக்கத்துச் செடிகள் மொட்டையாக நின்றன. பூவரசில் ஒரு இலை குறையவில்லை. சுரங்கத்துக்குள் உழைக்கிறவன் வேர்வை எவ்வளவு வெளுத்தாலும் துணியை விட்டுப் போகாது, இது வண்ணாரே ஒப்புக்கொண்ட விஷயம். மானுக்கு அந்த வாசனை ஒரு ஆள் நிற்பதற்குச் சமம்.

அதன் பிறகு துண்டு, தலைப்பாகை, சட்டை என்று ஒவ்வொன்றாகக் கட்டினாள். வண்ணாரால் முடியாததை மழை செய்தது. ஆவணி மாதம் ஒரு விடியற்காலையில் அவளே கண்ணால் பார்த்தாள். மான் சட்டையை மோந்தது, மூக்காலேயே ஒதுக்கிவிட்டது, இலையைத் தின்றது.

வீட்டில் சகாயத்தின் கம்பளி ஒன்று பாக்கி இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. அதைப் போர்த்திக்கொண்டுதான் தினமும் படுத்தாள். அதற்குள் முகத்தைப் புதைத்தால் அவன் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. உலகத்தில் அவளுக்கு மிஞ்சிய சுகம் அது ஒன்றுதான்.

எனவே அவள் ஒரு காரியம் செய்தாள். தாயம்மாவின் புருஷன் சின்னசாமி சகாயத்தோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவன். அவன் கழற்றி வாசலில் போட்டிருந்த அழுக்குச் சட்டையை யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பூவரசில் மாட்டிவிட்டாள். நல்ல வேர்வை. மான் கிட்டே வரவில்லை.

மான் வராத இடத்துக்குத் தாயம்மா வந்தாள். வேலியில் இன்னும் ஏதாவது முள் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவள், தான் போட்ட ஒட்டுத் தையலோடு புருஷன் சட்டை சகாயத்தின் குழி மேல் தொங்குவதைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சல் பாலகாட் சுரங்கம் வரைக்கும் கேட்டது என்பார்கள்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிகீற? உசுரோட கீற மனுசன் சட்டைய குழி மேல போட்டா, கீழ எறங்குனவரு திரும்பி மேல வருவாரா?"

"சட்டதான தாயம்மா. மானுக்காகத்தான் போட்டேன்."

"உன் மானுக்கு என் தாலிதான் கெடச்சுதா?"

மரியகுழந்தை சட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள். தினமும் சுரங்கக் கூண்டில் ஏறிக் கீழே போகிறவர்களின் வீட்டில் இந்தப் பேச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சின்னசாமி மறுநாள் ஷிப்டுக்குப் போகவில்லை. அன்று மாலைக்குள் லைன் முழுவதும் ஆண்களின் துணிகள் வீட்டுக்குள் போய்விட்டன.

உபதேசியார் விசாரிக்க வந்தார்.

"சகுனம் பாக்கறது பாவம். நம்ம மார்க்கத்துல அதெல்லாம் இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனாலும் என் சட்டைய வெளிய காயப்போட வேணாம்னு வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை.

"செத்தவர் குழிக்குச் செத்தவர் துணிதாம்மா. அவன் கம்பளி ஒண்ணு கீதாமே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்லறைத் திருநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கம்பளி வீட்டில் இருந்தால் சகாயத்துக்கு இடம் இருக்காது. சகாயத்துக்கு இடம் வேண்டுமென்றால் கம்பளி வீட்டில் இருக்க முடியாது. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்துப் போனாள். கொம்பைச் சுற்றி நான்கு குச்சி ஊன்றி அதன் மேல் போர்த்திக் கட்டினாள். வீட்டுக்கு வந்து வெறும் பாயில் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

கம்பளி வேலை செய்தது. மழையிலும் செய்தது. மான் தோட்டத்தின் மறுகோடியோடு நின்றுகொண்டது. பூவரசு இலை மேல் இலை விட்டு அவள் இடுப்பு உயரம் வந்தது. செத்த பிறகாவது அவனுக்கு ஒரு உயிரை மிரட்டத் தெரிந்ததே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் வேலை முடிந்து மண்கூடையோடு அங்கே போனபோது தாயம்மா நின்றிருந்தாள். மறுபடியும் புருஷனுடைய துணி ஏதாவது வந்திருக்கிறதா என்று சோதிக்க வந்தவள். கம்பளியின் ஒரு முனையைத் தூக்கி மோந்து பார்த்தாள். கோபம் ஆறிப்போயிருந்ததால் நிதானமாகவே சொன்னாள்.

"இது அண்ணன் வாசன இல்லியேக்கா."

"அவுரு கம்பளி."

"கம்பளி அவருதுதான். அண்ணன் பொகையில போடுவாரு. இதுல உன் தல வெளக்கெண்ணதான் அடிக்குது. நீதான அத்தினி மாசம் போத்திகினு படுத்த?"

மரியகுழந்தை கம்பளியை வாங்கி மோந்தாள். திருப்பிப் போட்டு மோந்தாள். ஓரத்தில், மடிப்பில், நடுவில் எல்லாம் மோந்தாள். விளக்கெண்ணெய், மண், அவளுடைய வேர்வை. சகாயம் அதில் இல்லை. எப்போது போனான் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் தன்னையே கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். மான் மிரண்டதும் அவளைக் கண்டுதான்.

அடக்கத்தன்று அழாதவள் அன்றைக்குக் குழி ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தாயம்மாவும் உட்கார்ந்து அழுதாள். முள்வேலியை எரித்ததை அப்போதுதான் ஒத்துக்கொண்டாள்.

அழுது முடித்து மரியகுழந்தை கம்பளியை மடித்துத் தாயம்மா கையில் கொடுத்தாள். கூடைக்கு அடியில் தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்தாள். காலையிலிருந்து மண் சுமந்த துணி, எண்ணெயும் வேர்வையும் ஊறிக் கிடந்தது. அதைக் கொம்பில் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

தாயம்மா பதறினாள். "ஐயையோ, வேணாங்க்கா! நீ உசுரோட கீறவ!"

"கீறேன். இன்னா ஆயிடும்? இங்க வந்து சேருவேன். அவ்ளோதான?"

கல்லறைத் திருநாள் அன்று உபதேசியார் பூவரசின் முன்னால் நின்றார். சும்மாட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார்.

சாவு அவசரப்படவில்லை. மரியகுழந்தை அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். மான்கள் அந்தக் குழிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பூவரசு வளர்ந்து நிழல் கொடுத்தது. எந்த மானும் பின்னங்காலில் எழும்பி நின்றால்கூட எட்டாத உயரம். ஆனாலும் அவள் வேலை முடிந்து வரும் வழியில் பழைய துணியை அவிழ்த்துவிட்டு அன்றைய சும்மாட்டைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். சுமக்கிற வேலையை விட்ட பிறகு முந்தானையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினாள்.

இவ்வளவு பெரிய மரத்தை மான் என்ன செய்துவிடும் என்று ஒரு தரம் நான் கேட்டேன்.

"மானுக்கா கட்றேன்?" என்றாள்.