தாளைத் திரும்ப வாங்க வந்தவர்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆனால் இது நடந்தது. 1862 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை.

அமெரிக்கப் போரால் பஞ்சு வரத்து நின்று, இங்கிலாந்தில் எங்கள் பிளாக்பர்ன் நகரின் நெசவாலைகள் மூடிக் கிடந்த காலம். வேலையிழந்த நெசவாளர்கள் தங்கள் நிலையை அச்சடித்த தாளைக் காலையில் வீடுதோறும் செருகிவிட்டு, மாலையில் திரும்ப வாங்க வருவார்கள். மனமிருந்தால் தாளோடு ஒரு பென்னிக் காசும் கொடுப்போம். என் கணவர் ரூபன் நிவாரணக் குழுவின் விசாரணையாளர். ஏமாற்றுக்காரர் என்று அவர் பட்டியலில் ஒரு பெயரை அடித்தால், அந்தக் குடும்பத்துக்கு ரொட்டி நின்றுவிடும். அன்று வெளியே செல்லவேண்டியிருந்ததால், வருவோரை விசாரித்துக் குறிக்கும்படி பட்டியலை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

காலையில் கதவடியில் கிடந்த தாளில் சைலஸ் என்ட்விசில் என்ற பெயர் இருந்தது. மனைவி, மூன்று குழந்தைகள்.

"நம்பாதே தபித்தா," என்றாள் பக்கத்து வீட்டு நான்சி. "போன வாரம் ஒருத்தன் நொண்டிக்கிட்டே வந்தான். நாய் தொரத்துச்சு பாரு, ரயிலே தோத்துது."

மாலை 4.10. கதவு தட்டப்பட்டது.

மெலிந்த மனிதர் ஒருவர் நின்றார். காலில் லாடம் அடித்த கட்டைச் செருப்பு. எங்கள் கல் பாவிய தெருவில் அதன் சத்தம் முனையிலிருந்தே கேட்கும். இவர் வந்தது கேட்கவில்லை... பதுங்கி வந்தவரோ?

"தாளைக் குடுங்கம்மா."

"எந்த ஆலையில வேலை பாத்தீங்க?"

அவர் கண் என் கையிலிருந்த தாளின் மேலேயே இருந்தது. தாளையும் பென்னியையும் நீட்டினேன். தாளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"காசு வேணாம்மா. எம் பேரை அடிச்சிடாதீங்க."

பட்டியல் உள்ளறையில் இருந்தது. அதைப் பற்றி இவருக்கு யார் சொன்னது? காசு வேண்டாத யாசகமா? சந்தேகம் முற்றியது. கதவைச் சாத்தினேன்.

பேனாவை எடுத்தேன். பெயரை அடித்தேன்.

டக்... டக்... மறுபடியும் கதவு.

4.14.

திறந்தேன்.

யாருமில்லை.

6.05க்கு வந்த ரூபன் பட்டியலைப் பார்த்தார்.

"இவரை ஏன் அடிச்சே?"

"வந்திருந்தாருங்க. ஆளு சரியில்ல."

"வந்தாரா? நான் அவங்க வீட்டுல இருந்துதான் வர்றேன். அவரைப் போன வியாழக்கிழமையே பொதைச்சாச்சு. சொன்னா ரொட்டி நின்னுடும்னு பயந்து, அந்தம்மா மறைச்சிருக்காங்க."

அடித்த பெயருக்கு மேலே சைலஸின் மனைவி ரேச்சலின் பெயரை எழுதினேன்.

மறுநாள் ரொட்டியோடு சென்றேன். அச்சடித்த அந்தத் தாள்களில் ஒன்றைக் காட்டும்படி ரேச்சலிடம் கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்லம்மா," என்றாள். "தலையணைய அடகு வெச்சுட்டோம். சவப்பெட்டியில அவரு தலைக்கு அந்தத் தாளையெல்லாம்தான் அடுக்கி வெச்சோம்."