மூன்றாம் ஓலையில் நான் சொன்ன தடை

போதகர் ஐயா, நீங்கள் பொய் ஓலை வாசித்தீர்கள். தெரியாமல் இல்லை, தெரிந்தே வாசித்தீர்கள். மூன்று ஞாயிறும் வாசித்தீர்கள்.

இதைச் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் சொல்ல மைக் கேட்டேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்றீர்கள். எத்தனையோ அடுத்த வாரம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துவுக்குள் என் சகோதர சகோதரிகள் வாசிக்கட்டும். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும். என் மகன் இதைப் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் அடித்துவிட்டான். மீதி அவன் சம்மதத்தோடுதான் வருகிறது.

என் பெயர் எஸ்தர். செவிலிமேட்டில் இருக்கிறோம். பட்டுப் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது என் வேலை. வீட்டுக்காரர் சாமுவேல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், பஸ் ஸ்டாண்டுக்கும் ஐயம்பேட்டைக்கும். எங்களுக்கு ஒரே பிள்ளை, தானியேல். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசிப்பான்.

போன கிறிஸ்துமஸ் முடிந்து நட்சத்திரத்தைக் கழற்றிய அன்று அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, எனக்குப் பொண்ணு பாக்காதீங்க. எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வரலம்மா. எப்பவுமே வந்ததில்ல."

"பின்ன?"

"பசங்க மேலதான் வருது."

கட்டிய குஞ்சத்தை அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன். "டீ போடட்டாப்பா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தன்பாலீர்ப்பு என்று ஒரு வார்த்தை இருப்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

யாரிடம் போவேன்? உங்களிடம்தான் வந்தேன், ஐயா. என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு வந்து ஜெபித்தவர் நீங்கள். நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "பயப்படாதீங்கம்மா, இது ஒரு பிசாசுக் கட்டு. உபவாசத்துல அவுந்துடும்" என்றீர்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் அவனை வரச்சொல்லி, தலையில் கை வைத்து, பிசாசை அதட்டினீர்கள். வந்திருந்தவர்களும் கூடச் சேர்ந்து அதட்டினார்கள். கீபோர்டைத் தொடக்கூடாது என்றும் சொன்னீர்கள். பிசாசு ஒன்றும் போகவில்லை. இல்லாதது எப்படிப் போகும்? போனது என் மகனின் பேச்சுதான். வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பான். சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே இருக்கும்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கல்யாணம் என்று ஆரம்பித்தீர்கள். என் வீட்டுக்காரரும் அதைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் கல்யாணம் ஆனா சரியாயிடும்டி. போதகர் ஐயாவே சொல்றாரு, நீ இன்னா சொல்ற?" என்றார். கூரத்தில் ஒரு விசுவாசக் குடும்பத்துப் பெண்ணை நீங்களே பார்த்தீர்கள். சுகந்தி என்று பெயர். அவர்களிடம் தானியேலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்மதம் என்று எழுதிய தாளில் என் மகன் கையெழுத்துப் போட்டான். அந்த நேரத்தில் அவனிடம் எந்தத் தாளை நீட்டினாலும் போட்டிருப்பான். போட்டதும் கீபோர்டைத் திரும்பக் கொடுத்தீர்கள்.

மற்ற சபைகளில் இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஆராதனை நடுவில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று போதகர் சபையைக் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். நான் பிறந்ததிலிருந்து யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு உடனே அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்கள்.

ஈஸ்டர் முடிந்து முதல் ஓலை வாசித்தார்கள். அன்று மத்தியானம் தானியேல் வெகுநாள் கழித்து வாயைத் திறந்தான்.

"அம்மா, அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. அவ வாழ்க்கைய நான் கெடுக்க மாட்டேன். கல்யாணத்தன்னிக்கு நான் இருக்க மாட்டேன்மா."

"எங்கடா போவ?"

என் முகத்தைப் பார்த்தான். எங்கே போவான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மெரட்டறான், விடு" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கு ஆட்டோ எடுக்கப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் குஞ்சம் கட்டிக்கொண்டே ஜெபித்தேன். அதுவரை, ஆண்டவரே இவனை மாற்றும் என்று ஜெபித்தேன். அந்த ஜெபத்தை அன்றோடு விட்டேன். "ஆண்டவரே, என் பிள்ளை உயிரோடு இருக்கணும். அந்தப் பொண்ணும் நல்லா இருக்கணும். யாராவது ஒருத்தர் எழுந்து தடைன்னு சொல்லட்டும். பொண்ணு வீட்டில் யாராவது. சபையில் யாராவது. யாராக இருந்தாலும் சரி." இதைத்தான் முடிச்சுக்கு முடிச்சு சொன்னேன். இரண்டாம் ஓலை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் ஓலை பெருமாள் கோயில் கருட சேவை அன்று வந்தது. ஊரெல்லாம் கூட்டம், பஸ்ஸைச் சுற்றி விட்டிருந்தார்கள். கூரத்துக்காரர்கள் பாதி தூரம் நடந்தே வந்து, வேர்த்து விறுவிறுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுகந்தி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். தானியேல் முன்னால் கீபோர்டில் இருந்தான். நீங்கள் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றீர்கள்.

எனக்குத் தரிசனம் ஒன்றும் வரவில்லை. சத்தம் கேட்கவில்லை. யாராவது, யாராவது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தால் நான் நின்றுகொண்டிருந்தேன். கால் நடுங்குகிறது, ஆனால் நிற்கிறேன். இவ்வளவு நாள் ஆண்டவரிடம் அனுப்பும் அனுப்பும் என்று கேட்ட ஆள் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னா எஸ்தரு, உட்காரு" என்று வீட்டுக்காரர் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"தடை இருக்குது ஐயா" என்றேன்.

பக்கத்தில் ஒரு அம்மா, "இதுக்குப் பதில் சொல்ற வழக்கமே இல்லியேமா" என்றாள்.

"கேட்டாங்க இல்ல? சொல்றேன்." உங்களைப் பார்த்துச் சொன்னேன். "இன்னா தடைன்னு உங்களுக்குத் தெரியும் ஐயா. நான் உங்ககிட்ட அழுது சொன்னேன். அந்தப் பொண்ணு வந்து உட்கார்ந்துக்கினு இருக்குது. அதுக்குத் தெரிய வேணாமா?"

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். கீபோர்டிலிருந்து தானியேல் எழுந்தான். "அம்மா, நானே சொல்றேன்" என்றான். சொன்னான். இரண்டு வாக்கியம்தான். குரல் உடையவில்லை. பேச்சே போயிருந்த பிள்ளை சபை நடுவில் பேசினான். கடைசியில் சுகந்தியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க" என்றான்.

அப்புறம் ஒரே கூச்சல். சுகந்தியின் அப்பா செருப்பைத் தேடினார், போட்டுக்கொள்ள இல்லை. அந்தக் கூச்சலில் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, தண்ணி இருக்குதா? நடந்தே வந்தோம்" என்றாள்.

பாட்டிலைக் கொடுத்தேன். முழுக்கக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கோவம்தான். உங்க மேல இல்ல. கட்டிக்கப் போறவ நானு. எங்கிட்ட சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலியா?" என்றாள். ஐயா, அவள் உங்களைப் பார்த்துத்தான் அதைக் கேட்டாள். அதற்கும் நீங்கள் கண்ணாடியைத்தான் துடைத்தீர்கள்.

கல்யாணம் நின்றது. அன்று மத்தியானம் என் மகன் தட்டில் போட்ட சோற்றை முழுக்கச் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் கேட்டான். என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்த இரண்டாம் தடவை சோறுதான்.

பிறகு நீங்களும் உங்கள் அம்மாவும் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் அம்மா நல்ல மாதிரி. வரமாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன், வந்ததற்கு நன்றி.

"லேவியராகமம் பதினெட்டாம் அதிகாரம் படிச்சீங்களாம்மா? ஆணும் ஆணும் சேரக்கூடாதுன்னு இருக்கு" என்றீர்கள்.

"படிச்சேன். பக்கத்துல பத்தொன்பதையும் படிச்சேன். ரெண்டு வித நூல் கலந்த துணிய உடுத்தாதேன்னு இருக்குது. அம்மா கட்டியிருக்கறது பட்டும் பருத்தியும். நான்தான் குஞ்சம் கட்டினேன்."

உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "அது சடங்குச் சட்டம்மா. இது ஒழுக்கச் சட்டம். பவுலும் எழுதியிருக்காரு" என்றீர்கள். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் நானும் தானியேலும் உட்கார்ந்து படித்தோம். வேலை முடிந்து வந்ததும் அவன் வாசிப்பான், நான் குஞ்சம் கட்டிக்கொண்டே கேட்பேன். ரோமர் நிருபத்தில் பவுல் யாரைப் பற்றி எழுதுகிறார் என்று பார்த்தோம். கடவுளைத் தெரிந்தும் வேண்டாம் என்று தள்ளி, சிலைக்குப் பின்னால் போய், இச்சையில் வெறிபிடித்துத் திரிந்தவர்களைப் பற்றி எழுதுகிறார். அந்தக் கூட்டத்தில் என் மகனைத் தேடினேன். அவன் இல்லை. அவன் கடவுளை விட்டுப் போகவில்லை. பிசாசு பிசாசு என்று தலையில் அதட்டியபோதும் அடுத்த ஞாயிறு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். எல்லா வசனத்துக்கும் என்னிடம் விளக்கம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். படித்தவர்கள் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் கனியை வைத்து மரத்தை அறியச் சொன்னவர் இயேசு. உங்கள் போதனையின் கனி, என் பிள்ளை சாகத் துணிந்தது. உண்மையைச் சொன்னதன் கனி, அவன் சாப்பிட்டது. எந்த மரம் நல்லது என்று சொல்ல எனக்கு வேதாகமக் கல்லூரி வேண்டாம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி வந்தபோது நான் கையை நிறுத்திவிட்டேன். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட கதை. அவர் அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர், என்பதை மட்டும் யாரும் நிறுத்திச் சொன்னதில்லை. அவரைப் போன்றவர்கள் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்று மோசேயின் சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியே இருக்கிறது. அவர் வழியில் தண்ணீரைப் பார்த்து, நான் ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று, தன்னோடு ரதத்தில் வந்த சீஷன் பிலிப்புவைக் கேட்கிறார். பிலிப்பு அந்தச் சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ரதத்தைவிட்டு அவரோடு தண்ணீரில் இறங்கினார்.

இதற்குப் பிறகு வந்த, அப்பம் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறில் நடந்தது சபைக்கே தெரியும். நானும் தானியேலும் பீடத்துக் கிராதியின் முன்னால் முழங்காலில் இருந்தோம். எனக்கு அப்பம் கொடுத்தீர்கள். என் மகன் கையை ஏந்தியிருந்தான். அவனைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனீர்கள். அவன் கையை மடக்கவில்லை, அப்படியே வைத்திருந்தான். நான் என் அப்பத்தைப் பிட்டு, பாதியை அந்தக் கையில் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். என்னைத் துணிச்சல்காரி என்று பேசினார்கள். நான் துணிச்சலைக் காட்டச் செய்யவில்லை. பிள்ளை பசியோடு கை ஏந்தும்போது தாய் வேறு என்ன செய்வாள்?

இதைப் பார்த்தபிறகுதான் என் வீட்டுக்காரர் மாறினார். "எனக்கு இன்னும் புரியலடி. ஆனா அந்தக் கை அப்படியே இருந்திச்சு பாரு, அது என்னால தாங்க முடியல" என்றார். அடுத்த திருவிருந்துக்கு அவர் தானியேலுக்கு மறுபக்கம் முழங்கால் போட்டார். மறுபடியும் தாண்டிப் போனீர்கள். இந்த முறை அவன் கையில் இரண்டு பாதி விழுந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் சிலர் அவரைக் கிண்டல் செய்கிறார்கள். "இன்னா சாமுவேலு, வூட்டுக்கு மாப்பிள வந்தாச்சா?" என்கிறார்கள். "வந்தா நீயும் விருந்துக்கு வாடா, மொய் எழுதாம வராத" என்கிறார். தானியேலின் சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு வருகிறான். பெயர் எழுத மாட்டேன், அவன் வீட்டுக்கு இன்னும் தெரியாது. முதல் நாள் என் வீட்டுக்காரர் அவனோடு என்ன பேசுவது என்று தெரியாமல் "கொழம்பு போதுமாப்பா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பையன் பயந்துகொண்டே சாப்பிட்டு முடித்தான். இப்போது அவனே குழம்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறான்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான். பேசுகிறான். சிரிக்கிறான். எங்கள் வீட்டில் மறுபடியும் பாட்டுச் சத்தம் கேட்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வெளியே சொல்ல முடியாமல் நீங்களும் அழுதுகொண்டிருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளையை அவர் படைத்தவர், அவருக்கு அதிர்ச்சி வராது. உதவிக்கு ஆள் அனுப்பும் என்று கேளுங்கள். உங்களையே அனுப்பினால் எழுந்து நில்லுங்கள். கால் நடுங்கும். பரவாயில்லை. என் காலும் நடுங்கியது.

இனி உங்களுக்கு, போதகர் ஐயா. மூன்று ஞாயிறு நீங்கள் சபையைக் கேட்டீர்கள். தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்றீர்கள். நான் சொன்னேன். இப்போது நான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து ரகசியமாகச் சொல்ல வேண்டாம். போனில் வேண்டாம். வருகிற திருவிருந்து ஞாயிறு, அதே பீடத்தில் நின்று, அதே மைக்கில், சபை முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள்.

என் மகன் கை ஏந்தி முழங்காலில் இருப்பான். அவனுக்கு அப்பம் கொடுக்க என்ன தடை?