பாதர் எழுதி வைத்த இடாப்பு

பெப்ரவரி அரைத்தவணை விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை, நானும் வேராவும் பேர்மண்ட்ஸிக்குப் போனோம். லண்டனுக்குள்ளேயே ஒரு நாள் பயணம். குடும்பத் தகவல் தேடி தேவாலய ஆவணங்களைப் பார்க்கப் போவது எப்படி என்று இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காக எழுதுகிறேன். சந்தோஷமான பதிவு அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேரா என்னோடு கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறார். அவர் சாப்பாட்டுக்கூடத்தில், நான் அலுவலகத்தில். வயது அறுபத்திரண்டு. வட அல்பேனியாவின் மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கர். அவருடைய சிறுவயதில் அந்த நாட்டில் மதமே சட்டவிரோதம். ஊர்த் தேவாலயம் தானியக் களஞ்சியமாகிவிட்டது. மிஷனரி சபையைச் சேர்ந்த ஒரு பாதர் மட்டும் கூலியாளாக ஊருக்குள்ளேயே இருந்து, ஞாயிறுகளில் ஒரு சோளக் கொட்டிலில் பதினொரு பிள்ளைகளுக்குச் செபமும் அவர்களுடைய மக்களின் வரலாறும் படிப்பித்தார். ஒருநாள் பிடிபட்டார்கள். பாதர் சிறைக்குப் போனார். பிள்ளைகளின் தகப்பன்மாரையும் கொண்டுபோனார்கள். வேராவின் அப்பா சுரங்க முகாமில் இறந்தார்.

யார் காட்டிக்கொடுத்தது? வீட்டில் எல்லோரும் ஏழு வயது வேராவைத்தான் நினைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் அரசுப் பள்ளி ஆசிரியை அவரைத் தனியே கூப்பிட்டு, ஞாயிறுகளில் எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தார். தான் வாயே திறக்கவில்லை என்பார் வேரா. அண்ணன் நிக்கோல் நம்பவில்லை. இருவரும் லண்டன் வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. அண்ணன் குட்மேய்ஸில் இருக்கிறார். கலியாணவீடு, செத்தவீடு தவிரப் பேச்சில்லை.

அந்தப் பாதர் விடுதலையாகி, கடைசிக் காலத்தில் லண்டனில் தன் சபையின் வீட்டில் இருந்து, மலை மக்களின் வரலாற்றை ஏழு கொப்பிகளில் எழுதிவிட்டு இறந்தார் என்பது வேராவுக்குப் போன வருடம்தான் தெரியவந்தது. கொப்பிகள் இன்னும் பேர்மண்ட்ஸியில் அந்த வீட்டில் இருக்கின்றன.

கிங்ஸ்பரியில் 9.40க்கு ஜூபிலி ரயில் ஏறினோம். ஒன்பதரைக்குப் பிறகு ஏறினால் கட்டணம் குறைவு. மாறத் தேவையில்லை, நாற்பது நிமிடம். பேர்மண்ட்ஸி நிலையத்திலிருந்து நடை பத்து நிமிடம். மழை தூறிக்கொண்டிருந்தது. சபையின் பெயரைப் பதிவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை.

வாசிப்பறை ஒரு பழைய சாப்பாட்டு அறை. ஹீட்டர் பேருக்குத்தான், கோட்டைக் கழற்ற வேண்டாம். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். ஒரு தடவைக்கு ஒரு கொப்பிதான் தருவார்கள். பிடிபட்ட கதை ஐந்தாம் கொப்பியில் இருக்கிறது என்று பொறுப்பாளரான அம்மா முன்பே பார்த்து வைத்திருந்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. வேராவின் விரல் வரிக்கு வரி நகர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நின்றது. திரும்ப மேலே போனது.

பிறகு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் பேசியதையெல்லாம் இங்கே என் தமிழில்தான் தருகிறேன்.

"இடாப்பு வைச்சிருந்தாராம். பதினொரு பேரின்ர பேரும் எழுதி, ஒவ்வொரு ஞாயிறும் வரவு போட்டிருக்கிறார். சோளப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சவராம். சோளம் அளக்க வந்த அதிகாரியள் அதைக் கண்டெடுத்ததிலதான் பிடிபட்டது. எந்தப் பிள்ளையும் சொல்லேல்ல, பிழை முழுக்கத் தன்ர கையெழுத்தில இருந்தது எண்டு எழுதியிருக்கிறார்."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒளிந்து நடத்துகிற வகுப்புக்கு யாராவது இடாப்பு வைப்பார்களா? யாழ்ப்பாணத்தில், ஆமியின் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா அண்ணையின் வகுப்புப் படத்தை அடுப்பில் வைத்தா. முகமும் பெயரும் ஒரே தாளில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தினமும் காலை ஒன்பதேகாலுக்கு இடாப்பை மூடிவிட்டு, வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் எடுப்பது என் வேலை. ஒரு பெயருக்கு நேரே அடையாளம் இல்லாவிட்டால் எனக்கு மனம் கேட்காது. பாதர் படிப்பிக்கிறவர், வரலாறு எழுதுகிறவர். அவரால் எழுதாமல் இருக்க ஏலாமல் போயிருக்கும்.

ஒரு பக்கம் நகலெடுக்க ஐம்பது பென்ஸ். வேரா அதை வாங்கி மடிக்காமல் பிடித்துக்கொண்டார்.

"இப்ப குட்மேய்ஸ் போவம்."

"இண்டைக்கேயோ? ஒரு போன் எடுத்துப்போட்டு..."

"ஐம்பத்தைஞ்சு வருஷம் பொறுத்தாச்சு."

ஜூபிலியில் ஸ்ட்ராட்போர்ட் வரை போய், எலிசபெத் லைனுக்கு மாறினோம். குட்மேய்ஸில் இறங்க மணி 1.50. மழை பலத்திருந்ததால் மினிகேப் பிடித்தோம், ஏழு பவுண். ஓட்டுநர் எங்கட ஆள்தான். விலாசத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நிக்கோல் அண்ணையின்ர வீடோ, அக்கா? என்ர பாத்ரூமுக்கு ஓடு பதிச்சவர் அவர்தான். மூண்டு நாள் எண்டு சொல்லி ஒன்பது நாள் எடுத்தார்."

"ஏன், வேலை தெரியாதோ?"

"தெரிஞ்சதுதான் பிரச்சினை. ஒரு ஓடு நூலளவு கோணினாலும் முழுக்கக் கழட்டிப்போடுவார். நாங்கள் ஒரு கிழமை மச்சான் வீட்டில குளிச்சனாங்கள்."

வேராவுக்கு மொழிபெயர்த்தேன். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நிக்கோல் கதவைத் திறந்து எங்களை உள்ளே கூப்பிட்டார். நான் இருந்ததால் மரியாதைக்கு ஆங்கிலத்திலேயே பேசினார். கோப்பி போட்டுத் தந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார்.

"பாதரின்ர எழுத்துத்தான்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவர் இப்பிடித்தான் எழுதுவார், வேரா. ஒருநாள் வகுப்பில விளக்குக் கண்ணாடியை உடைச்சது நான். கொட்டில்காரன் வந்து கேட்க, தன்ர கை பட்டு உடைஞ்சது எண்டு சொல்லிப்போட்டார். அதுக்காக இரண்டு நாள் அந்தாளின்ர விறகு கொத்தினவர்."

"இது விளக்கில்லை."

"ஓம், இது அதைவிடப் பெரிசு. ஒரு ஏழு வயசுப் பிள்ளையின்ர பேரை அவர் எழுதுவாரெண்டோ நினைக்கிறாய்? செத்தாலும் எழுதமாட்டார்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. இடாப்பு இருந்ததா இல்லையா என்றுகூட அவர் வாதாடவில்லை. பாதர் நல்லவர் என்பது மட்டும்தான் அவர் சொன்னது. அதை வேராவால் மறுக்க ஏலாது.

4.25க்குத் திரும்பினோம். வாகனம் வேண்டாம் என்றார் வேரா. நிலையம் வரை பதினைந்து நிமிடம் நனைந்துகொண்டே நடந்தோம். மேடையில் நின்றபோது சொன்னார்:

"இண்டைக்குக் காலமை வரைக்கும், நான் அந்த டீச்சருக்கு ஒண்டும் சொல்லேல்ல எண்டு எனக்கு வடிவா நினைவிருந்தது. இப்ப அவ கேட்டது மட்டும்தான் நினைவிருக்கு."

ரயில் வந்தது, ஏறினோம். கிங்ஸ்பரியில் இறங்கும்போது மணி ஆறாகிவிட்டது. அன்று ரயிலுக்கு மட்டும் ஆளுக்குப் பத்துப் பவுணளவில் போனது.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: இரண்டு கிழமைக்கு முன்பே மின்னஞ்சல் போடுங்கள். எந்த ஊர், ஏறக்குறைய எந்தக் காலம் என்பதையும் எழுதுங்கள், அவர்களே பக்கத்தைத் தேடி வைப்பார்கள். அடையாள அட்டை, பென்சில், தடித்த கம்பளிச்சட்டை கொண்டுபோங்கள். பக்கத்தில் சாப்பாட்டுக்கடை இல்லை. எதைத் தேடுகிறீர்கள் என்பதோடு, அதை யார் நம்ப வேண்டும் என்பதையும் வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போங்கள். எழுதிய ஆள் நேர்மையானவராக இருந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அன்புள்ளவராகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கவில்லை. கிடைத்த தாளை அன்றைக்கே யாரிடமும் கொண்டுபோகாதீர்கள்.

வேரா இப்போது வியாழக்கிழமைகளில் வேலைக்கு வருவதில்லை. பேர்மண்ட்ஸிக்குப் போய் முதலாம் கொப்பியிலிருந்து வரிவரியாக வாசிக்கிறார். பாதர் எங்கேயாவது ஒரு சின்னப் பொய்யாவது எழுதியிருக்கிறாரா என்று பார்க்கிறார். இதுவரை இல்லையாம். போன கிழமை மூன்றாம் கொப்பி முடிந்தது. கொட்டிலில் வகுப்பு நடந்த காலம் நாலாவதில் இருக்கிறது.

"அந்த விளக்கைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் எண்டு நேர அதையே எடுத்துப் பார்க்கலாமே" என்று கேட்டேன்.

வேரா சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தன்ர கைதான் பட்டது எண்டு எழுதியிருந்தா," என்றார், "பிறகு நான் எங்க போறது?"

இந்த வியாழக்கிழமைக்கு, நாலாவதை விட்டுவிட்டு, அவர் முதலாம் கொப்பியைத்தான் திரும்பவும் கேட்டு எழுதியிருக்கிறார்.